தொண்ணூற்று நான்கு காலியிடம்

எதிர் மாடியில் குடியிருக்கும் பெண்ணுக்குக் கோடு என்று பெயர் வந்த கதை தெருவுக்கே தெரியும். நான்கு வயதில் ஒரு தாளில் நெடுக்காக ஒரே ஒரு கோடு இழுத்துக் கொண்டுவந்து, "யானை" என்றாள். "தும்பிக்கை எங்கடி, காது எங்கடி?" என்று அவளுடைய அத்தை கேட்டதற்கு, "யானை கதவுக்கு அந்தப் பக்கம் நிக்குது. இது கதவு" என்றாளாம். அன்றைக்கு அத்தை வைத்த பெயர், அவள் வளர்ந்து சுவரொட்டி வடிவமைக்கப் படிக்கப் போன பிறகும் உதிரவில்லை.

அடுத்தவர் வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று இருந்துவிடலாம்தான். ஆனால் ஒரு வீட்டில் பெரிய மனுஷி ஒருவர் மூன்று நாளாகத் தனியாகப் பல் தேய்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், அது காதில் விழாமல் இருக்க நாம் என்ன காதைக் கழற்றி ஆணியிலா மாட்டி வைத்திருக்கிறோம்?

எல்லாவற்றுக்கும் காரணம் கோடு செய்த சுவரொட்டி. கடைசி வருடத் தேர்வுக்காகக் கல்லூரியில் ஒரு பேய்ப்படத்தின் கதையைக் கொடுத்திருந்தார்கள். தனி வீட்டில் குடியிருக்கும் ஒருத்தியின் கதை. இருப்பதிலேயே குறைந்த பொருட்களைக் கொண்டு அதற்குச் சுவரொட்டி செய்ய வேண்டும். கோடு ஏழு வாரம் உட்கார்ந்தாள். முதல் வாரம் அதில் விரித்த தலைமுடி, இரத்தம், ஜன்னல், நிலா, ஒரு கை எல்லாம் இருந்தன. வாரத்துக்கு ஒன்றாக வெளியே அனுப்பினாள். கடைசியில் ஆள் உயர வெள்ளைத் தாளில், வலது கீழ் மூலையில், ஒரு கண்ணாடி டம்ளர் மட்டும் நின்றது. டம்ளருக்குள் இரண்டு பல் தேய்க்கும் பிரஷ். அதில் ஒன்றின் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். அதற்கடியில் எறும்பு அளவு எழுத்தில் படத்தின் பெயர்: தனியாகத்தான் இருக்கிறேன்.

அத்தை அதைக் கூடத்தில் பார்த்தார். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"யாருடி அந்த ரெண்டாவது பிரஷ்?"

"தெரியாது அத்தை."

"தெரியாதா? நீதானேடி வரைஞ்சே?"

"நான் எங்க வரைஞ்சேன்? அழிச்சிட்டே வந்தேன். கடைசில அது மட்டும் போகல."

அத்தை எழுந்து போனார். குளியலறையில் எல்லோருக்கும் பொதுவாக இருந்த டம்ளரிலிருந்து தன் பிரஷ்ஷை மட்டும் உருவி எடுத்து, துணி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு சுவரொட்டிக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

ஆனால் அத்தையிடம் முத்திரை இல்லையே. அந்தத் தாளின் மேல் கல்லூரியின் வட்ட முத்திரை விழுந்து, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் கண்காட்சிச் சுவரில் அது ஏற வேண்டும். ஏறினால் தேர்ச்சி. ஏறாவிட்டால் இன்னும் ஒரு முழு வருடம் அதே பெஞ்சு. கோடுவின் அம்மா வேறு, "எங்க பொண்ணுக்கு இந்த வருஷத்தோட படிப்பு முடியுது" என்று தெருவில் பாதிப் பேரிடம் சொல்லி வைத்திருந்தார். மீதிப் பாதிக்கு நாமே சொல்லிவிட்டோம்.

அந்தக் கல்லூரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எளிமையாக வடிவமைப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் இடம் அது. வாசல் பலகையிலேயே, எளிமை, சுருக்கம், தெளிவு, அடக்கம், அமைதி, நேர்த்தி, சிக்கனம் என்று ஏழு வார்த்தைகளை நான்கு விதமான எழுத்தில் எழுதி, தங்க நிறத்தில் சட்டம் போட்டு, சுற்றிலும் விட்டுவிட்டு எரியும் பல்புகள் வைத்திருந்தார்கள். கோடுவின் வாத்தியாருக்குச் 'சுருக்கம் சார்' என்று பட்டப்பெயர். அவர் அந்தச் சுவரொட்டியைக் கால் மணி நேரம் பார்த்துவிட்டு, "ம்" என்றார். பிறகு தான் ஏன் வெறும் "ம்" என்று மட்டும் சொன்னார் என்பதை நாற்பது நிமிடம் விளக்கினார். விளக்கி முடித்துக் கையெழுத்துப் போட்டு, "இதை ஆபீஸ்ல குடுத்து முத்திரை வாங்கிக்கோ. அஞ்சு நிமிஷ வேலை" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

அலுவலகத்தில் முத்திரைக்குப் பொறுப்பான எழுத்தரை எல்லோரும் முத்திரை அண்ணன் என்பார்கள். அவர் ஒன்பதாம் எண் படிவத்தை நீட்டினார். அந்தப் படிவம் முன்பு வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவுக்கு உரியது. பேப்பரை மிச்சப்படுத்துவதாகச் சொல்லி, தலைப்பை மட்டும் அடித்துவிட்டு மேலே 'சுவரொட்டி ஒப்புதல்' என்று எழுதிச் சுவரொட்டிக்கும் அதையே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் நான்காவது கட்டத்தில், 'காலியிடம் எவ்வளவு?' என்று ஒரு கேள்வி இருந்தது.

மற்ற மாணவர்கள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போய்விடுவார்கள். நம் கோடு மட்டும் கோடு கிழிக்கவில்லை. ஒரு தாளில் படமோ எழுத்தோ இல்லாத வெள்ளைப் பரப்பைக் காலியிடம் என்றுதானே மூன்று வருடமாக வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள்? கவனமாகக் கணக்குப் போட்டு 94 என்று எழுதினாள். சதவீதக் குறி போடக் கட்டத்தில் இடம் இல்லை.

முத்திரை அண்ணன் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எழுந்து நின்றார்.

"தொண்ணூத்தி நாலு காலியிடமா? என்னம்மா இது, கல்லூரி முழுக்கச் சேர்த்தாலே அவ்வளவு வேலை கிடையாதே!"

"இல்லண்ணே, அது வந்து…"

"என்கிட்ட சொல்லாதே. இது என் அதிகாரத்துல வராது. குழுவுக்குத்தான் போகணும்."

குழு என்றால் காலியிடம் நிரப்பும் குழு. ஆறு வருடமாக இருக்கிறது. ஆறு வருடமாக அந்தக் கல்லூரியில் ஒரு காலியிடமும் வரவில்லை. யாரும் ஓய்வு பெறுவதில்லை. பெற்றாலும் ஆலோசகராகத் திரும்ப அதே நாற்காலிக்கே வந்துவிடுவார்கள். ஆனாலும் குழு மாதம் தவறாமல் கூடியது. ஒரு தலைவர், ஒரு துணைத்தலைவர், ஒரு பதிவாளர் அம்மா, ஓர் அளவை அதிகாரி, குறிப்பு எழுத ஒருவர் என்று ஐந்து பேர். கேன்டீன் அக்கா ஐந்து கப் டீ கொண்டுவந்து வைப்பார். காலியிடம் ஒன்றும் இல்லை என்று தீர்மானம் போட்டுக் கப்பைக் காலி செய்துவிட்டுக் கலைவார்கள். அப்படிப்பட்ட குழுவுக்கு ஒரே நாளில் தொண்ணூற்று நான்கு! அன்று மத்தியானமே அவசரக் கூட்டம். துணைத்தலைவர்கூடத் தூங்காமல் வந்தார். வந்துதான் தூங்கினார்.

கோடுவைக் கூப்பிட்டார்கள். சுவரொட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாணவர்களுக்கு அந்த அறையில் நாற்காலி கிடையாது.

"இத்தனை நாளா இதை எங்கம்மா ஒளிச்சு வச்சிருந்தே?" என்றார் தலைவர். குரல் தழுதழுத்தது.

"ஒளிக்கல சார். அது வேலை காலியிடம் இல்ல. வெறும் வெள்ளை. இந்தப் படத்துக்கு அதுதான் சார் உயிரு."

"உயிருன்னு சொல்றே, உள்ள ஒரு ஆளையும் காணோமே?" என்றார் பதிவாளர் அம்மா.

"ஆள் இல்லாததுதான் மேடம் பயம்."

"எங்களுக்கும் அதே பயம்தான்மா. ஆள் இல்லைன்னா மேல கேள்வி கேப்பாங்க."

அளவை அதிகாரி இரும்பு ஸ்கேலுடன் வந்து தாளை மூலைக்கு மூலை அளந்தார். முகம் மாறியது. "சார், தொண்ணூத்தி மூணே முக்கால்தான் வருது. கால் இடத்தைக் காணோம்."

"கால் இடம் எங்கம்மா போச்சு?"

"அது… அந்தச் சொட்டு சார். பிரஷ்லேர்ந்து விழற தண்ணி."

"சொட்டுக்கு அனுமதி வாங்கினியா?"

தலைவர் அவளைக் கனிவோடு பார்த்தார். பேசுவதற்கு முன் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டார். ஆறு வருடமாகத் தொண்டைக்குள் காத்திருந்த உரை அது.

"நான் இங்க இருபத்தேழு வருஷமா இருக்கேம்மா. ஒரு இடம் காலியாக் கெடந்தா என்ன ஆகும் தெரியுமா? யாராவது ஒருத்தர் வந்து அங்க வேலை செய்ய ஆரம்பிச்சிடுவாங்க. ஒருத்தர் வேலை செஞ்சா, பக்கத்துல இருக்கறவர் என்ன செய்யறார்னு ஒரு கேள்வி வரும். கேள்வி வந்தா பதில் சொல்லணும். பதில் சொல்லணும்னா விஷயம் தெரிஞ்சிருக்கணும். பாத்தியா, ஒரு காலியிடத்தால எவ்வளவு பெரிய சீரழிவு! அதனாலதான் நிரப்பறோம். யாரை வச்சு நிரப்பறோம்கறது முக்கியமில்ல. அங்க வேற யாரும் வந்துடக் கூடாது, அதான் முக்கியம்."

"முக்கியம்" என்றார் துணைத்தலைவர், கண்ணைத் திறக்காமல்.

குறிப்பு எழுதுபவர் எல்லாவற்றையும் எழுதினார். கூட்டத்தில் கலந்துகொண்டோர்: ஐவர் என்று முடித்தார். அரை மணி நேரமாகத் தாளைப் பிடித்து நின்று பதில் சொன்னவளை எண்ணவில்லை. எண்ணும் வழக்கமில்லை.

சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் தாள் ஏறிவிட்டது. 'சுவரொட்டி ஒன்றில் 94 காலியிடங்கள். தகுதி: பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். ஏற்கெனவே ஏதேனும் ஒரு சுவரில் மாட்டப்பட்டிருப்போருக்கு முன்னுரிமை.'

மறுநாள் காலை பத்து மணிக்குள் இருநூற்றுப் பதினொரு விண்ணப்பம். முதல்வர் தனக்கு மேல் வலது மூலை வேண்டும் என்றார். முன்னாள் முதல்வர், அந்த மூலையில் தான்தான் இன்னும் மனதளவில் இருப்பதாக எழுதினார். விடுதிக் காப்பாளர் எல்லோரையும் பார்க்கும்படி நடுவில் கேட்டார். நூலகர் பேச்சுச் சத்தம் இல்லாத ஓரம் கேட்டார். சுருக்கம் சார் விண்ணப்பமே பதினெட்டுப் பக்கம். இந்தத் தெருவிலிருந்துகூட ஒன்பது போனது. யார் யார் என்று சொல்வது அழகில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம், அது அத்தை. 'பெண்ணை எடுத்து வளர்த்தவள் நான். டம்ளரிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் ஓர் இடம் கொடுக்கவும்' என்று எழுதியிருந்தார்.

நேர்காணல் நடந்தது. ஒவ்வொருவராக வந்து வெள்ளைத் தாளின் பக்கத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். அலுவலர்கள் எல்லோரும் முதல் முயற்சியிலேயே தேறினார்கள். துணைத்தலைவருக்கு நூற்றுக்கு நூறு. அவரை எழுப்பித்தான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

வாட்ச்மேன் வந்தார். "எனக்குக் கதவுப் பக்கமாக் குடுங்க சார். பழக்கம்."

"இந்தப் படத்துல கதவே இல்லையேப்பா" என்றார் தலைவர்.

"கதவே இல்லையா?" வாட்ச்மேன் டம்ளரைப் பார்த்தார். இரண்டு பிரஷ்ஷையும் பார்த்தார். "அப்ப உள்ள யாரு வேணா வந்துடலாமே சார்! வந்தாச்சு போலயே!"

அந்தக் கல்லூரியில் சுவரொட்டியைச் சரியாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர்தான். அவரைத் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை மாலைக்குள் பட்டியல் தயார். தொண்ணூற்று நான்கு முகம், வரிசைக்குப் பத்து, எல்லாம் நேராகப் பார்க்கும் முகம். ஒரு சிக்கல்தான். அளவை அதிகாரி ஸ்கேலை டம்ளர்மேல் வைத்தார்.

"சார், இதுவும் ஒரு இடத்தைப் பிடிச்சிட்டிருக்கு. இது விண்ணப்பம் போட்டிருக்கா?"

"டம்ளர் எப்படி சார் விண்ணப்பம் போடும்?" என்றாள் கோடு.

"போடலைன்னா ஆக்கிரமிப்பு."

பதிவாளர் அம்மா நல்ல மனதுக்காரர். சமாதானம் செய்ய வந்தார். "பாவம், சின்னப் பொண்ணு. டம்ளர் இருந்துட்டுப் போகட்டும் சார். ஆனா ஒரு டம்ளருக்கு ரெண்டு பிரஷ் எதுக்கு? சிக்கனம்தானேம்மா உன் பாடமே? ஒண்ணை எடுத்துடு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடு, முத்திரை வாங்கித் தரேன்."

ஏழு வாரம் ஒவ்வொன்றாக வெளியே அனுப்பியவளிடம், மிச்சம் இருந்த ஒரே ஒன்றையும் அனுப்பச் சொன்னால் எப்படி இருக்கும்? தனி வீட்டில் ஒருத்தி, டம்ளரில் ஒரு பிரஷ், மேலே தொண்ணூற்று நான்கு அலுவலர்கள். இதில் பேய் எங்கே போய் நிற்கும்? மூச்சு விடக்கூட இடம் இருக்காது, அதுவும் பேய்க்கு.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு பிரஷ்தானேடி? எடுத்துட்டா என்ன? இன்னொரு வருஷம்னா நான் தெருவுல எப்படி நடமாடறது? பேப்பர் போடறவர்கிட்டகூடச் சொல்லிட்டேன்" என்றார்.

"அதை எடுத்துட்டா அது பல் தேய்க்கற விளம்பரம்மா."

உள்ளே இருந்து அத்தையின் குரல் வந்தது. "கோடு! இங்க வந்து குளியலறை வாசல்ல நில்லு. நான் பல் தேய்க்கணும்."

கோடு போய் நின்றாள். அத்தை அலமாரியைத் திறந்து பிரஷ்ஷை எடுத்துவந்து, கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணைக் கண்ணாடியிலும் ஒரு கண்ணை டம்ளரிலும் வைத்தபடி தேய்த்தார். கோடு எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளை முழுக்கக் காலி என்று சொல்கிறார்கள், நிரப்பியே ஆக வேண்டும் என்கிறார்கள்.

அத்தை வாய் நிறைய நுரையோடு திரும்பினார். "காலியாமா? எவன் சொன்னான்?"

"குழு சொல்லுது அத்தை."

"அவங்க கண்ணுல கொள்ளியை வைக்க! மூணு நாளா உன்னை வாசல்ல நிக்க வச்சுப் பல் தேய்க்கறேன், காலி இடத்துக்கா பயப்படறேன்? அங்கதான் ஆள் இருக்கே! அந்தப் பேப்பர்ல இடமே இல்லடி. நெருக்கியடிச்சு நிக்குது." கொப்பளித்துத் துப்பினார். "நான்கூட விண்ணப்பத்தை வாபஸ் வாங்கலாம்னு இருக்கேன்."

கோடு அத்தையின் ஈர வாயிலேயே ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். இது அத்தையே எல்லோரிடமும் சொன்னது.

வியாழக்கிழமை முத்திரை அண்ணனின் மேசைக்குப் புதிய ஒன்பதாம் எண் படிவம் வந்தது. காலியிடம் எவ்வளவு? இல்லை. முன்பு இருந்தது என்ன ஆயிற்று? நிரப்பப்பட்டது. நிரப்பியவர் பெயர்? பேய். பதவியின் தன்மை? நிரந்தரம்.

மறுபடியும் கூட்டம். காலை பதினொரு மணிக்கு நின்றவள் ஒரு மணிக்கும் நின்றுகொண்டிருந்தாள்.

"பிறப்புச் சான்றிதழ் எங்க?" என்றார் பதிவாளர் அம்மா.

"இறப்புச் சான்றிதழ்தான் மேடம் இருக்கும். வீடு மாறினப்ப தொலைஞ்சிடுச்சாம்."

"முகவரி?"

"டம்ளருக்குப் பின்னாடி."

"முன் அனுபவம்?"

"ஒரே வீட்ல ரொம்ப வருஷம் மேடம். ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்ல. வேலை நேரத்துல வெளிய போனதில்ல."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஓர் ஆளை அவர்கள் கேள்விப்பட்டதில்லை.

"புகைப்படம் ஒட்டியிருக்கியா?"

பாஸ்போர்ட் அளவில் ஒரு வெள்ளைத் துண்டு ஒட்டியிருந்தது. பதிவாளர் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பின்னணி வெள்ளை. கண்ணாடி போடல. பல் தெரியச் சிரிக்கல. எல்லாம் விதிப்படிதான் சார் இருக்கு."

"தொண்ணூத்தி நாலு இடத்தையும் ஒரே ஆளுக்கு எப்படிக் குடுக்கறது?" என்றார் அளவை அதிகாரி.

"அது உடம்பு இல்லாத ஆள் சார். பரவி நிக்கும்."

"அதெல்லாம் சரி" என்றார் தலைவர். "ஆள் நேர்ல வரணும். நேர்ல பாக்காம நான் கையெழுத்துப் போட முடியாது. நாங்க இந்த அறையில அஞ்சு பேர் இருக்கோம். ஆறாவதா ஒருத்தர் இருக்கார்னு எனக்கு ஏதாவது ஒரு அத்தாட்சி காட்டு. ஒரே ஒரு அத்தாட்சி. இல்லைன்னா பிரஷ்ஷை எடு."

அத்தாட்சிக்குக் கோடு எங்கே போவாள்?

அந்த நேரம் பார்த்துக் கேன்டீன் அக்கா டீத் தட்டோடு வந்தார். வந்தவர் கால் கடுக்க நின்றவளைப் பார்த்தார். வந்த வழியே திரும்பிப் போய் இன்னொரு கப்பையும் எடுத்து வந்தார். அறையில் எத்தனை தலை என்று எண்ணுவது அவருடைய வேலை. அவர் யாரையும் விட்டு எண்ணியதில்லை. ஆறு கப்பையும் மேசையில் வைத்துவிட்டு, ஆறாவதை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திவிட்டுப் போனார்.

ஐந்து பேரும் வெள்ளைப் புகைப்படத்தின்மேல் குனிந்திருந்தார்கள். அதற்குக் காது தெரிய வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வாக்குவாதம். கோடுவுக்குக் காலையிலிருந்து தொண்டையில் ஒன்றும் இறங்கவில்லை. ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். சத்தம் போடாமல் கப்பை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

தலைவர் நிமிர்ந்து தன் கப்பை எடுத்தார். மேசையைப் பார்த்தார். விரலை நீட்டி எண்ணினார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு… ஆறு." கை அந்தரத்தில் நின்றது. "நாம எத்தனை பேர்?"

"அஞ்சு பேர் சார்" என்றார் குறிப்பு எழுதுபவர், தாளைப் பார்த்து.

"இந்தக் கப் யாரோடது?"

யாருடையதும் இல்லை. அவரவர் கப்பை அவரவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"இதுல பாதி குறைஞ்சிருக்கு" என்றார் பதிவாளர் அம்மா, மெல்ல. அளவை அதிகாரி ஸ்கேலை உள்ளே விட்டு அளந்தார். "சரியாப் பாதி சார்." ஸ்கேல் கப்பில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. "சூடு… சூடு இன்னும் இருக்கு சார்."

"நான் குடிக்கல" என்றார் துணைத்தலைவர். ஆறு வருடத்தில் அவர் சொந்தமாகச் சொன்ன முதல் வாக்கியம்.

தலைவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார், மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். கோடு நின்ற இடத்தையும் பார்த்தார். பார்வை அவள் வழியாகப் போய்ப் பின்னால் இருந்த சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அறையில் ஒரு மாணவி இருக்கிறாள், அவளுக்கு ஒரு தொண்டை இருக்கிறது, அது காயும் என்பது ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பேய் குடித்தது என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

கோடு வாயே திறக்கவில்லை. திறந்தால் சிரிப்பு வந்துவிடும். உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு, சுவரொட்டியை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். தாள் கிடுகிடுவென்று ஆடியது. உள்ளே இருக்கும் வெள்ளையிலிருந்து ஏதோ வெளியே வரப் பார்ப்பதுபோல் இருந்ததாக அளவை அதிகாரி பிற்பாடு பல பேரிடம் சொன்னார்.

"பேனா" என்றார் தலைவர். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். நியமன ஆணையின் கீழே, 'பணியில் சேர்ந்துவிட்டார். நேரில் காணப்படவில்லை என்பதை நேரில் கண்டேன்' என்று எழுதினார். கூட்டம் கலைந்த வேகத்தில் மூன்று நாற்காலி விழுந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று ஐம்பது. முத்திரை அண்ணன் வட்ட முத்திரையை மையில் ஒற்றி, தாளுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். கை இறங்கவில்லை.

"எங்கம்மா குத்தறது? இடம் எல்லாம் நிரம்பிடுச்சுன்னு ஆணை இருக்கே. அவர்மேல பட்டுட்டா?"

"பின்னாடி குத்துங்கண்ணே."

"பின்னாடி அவர் முதுகு இருக்குமே?"

"அவருக்கு முதுகு கிடையாதுண்ணே. உடம்பே இல்லைன்னு நேத்தே எழுதிக் குடுத்துட்டேன்."

முத்திரை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க சார்" என்று தாளிடம் சொல்லிவிட்டுக் குத்தினார். நாலு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது சுவரொட்டி சுவரில் ஏறியது. பரந்த வெள்ளை. மூலையில் ஒரு டம்ளர். இரண்டு பிரஷ். ஒரு சொட்டு.

கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் மற்றப் படங்களுக்கு முன்னால் ஒரே பேச்சுச் சத்தம். அதன் முன்னால் மட்டும் வந்தவர்கள் எல்லாம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்றார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அங்கே நெடுநேரம் நின்றுவிட்டு, கழுத்தைத் திருப்பித் தன் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டு மதிப்பெண் போட்டார். எவ்வளவு என்று கோடுவின் அம்மாவைக் கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். வாட்ச்மேன் மட்டும் அந்தப் பக்கம் வரவே இல்லை. தூரத்திலிருந்து ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

கோடு தேறிப் போய் எட்டு மாதம் ஆகிறது. இரண்டு தெரு தள்ளி ஓர் அச்சகத்தில் சுவரொட்டி செய்கிறாள். அத்தையின் பிரஷ் மட்டும் இன்னும் அலமாரியில்தான்.

கல்லூரியில் பேயின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. எட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் வருகை. யாரும் அதற்கு வரவில்லை என்று போடத் துணியவில்லை. போன மாதம் சிறந்த ஊழியர் என்று அதற்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். "தாமதம் இல்லை, புகார் இல்லை, வேலை செய்து யாரையும் சங்கடப்படுத்தியதும் இல்லை. எல்லோரும் இவரைப் பின்பற்ற வேண்டும்" என்று தலைவர் பேசினார். ஏற்கெனவே பின்பற்றிக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

குழு இப்போதும் மாதாமாதம் கூடுகிறது. காலியிடம் ஒன்றும் இல்லை. தலைவர் உத்தரவுப்படி டீ மட்டும் ஆறு கப் போகிறது. மாணவர்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை. ஐந்து பேரும் தத்தம் கப்பைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. ஆறாவது கப்பைப் பார்க்கக்கூட மாட்டார்கள், அவ்வளவு பயம்.

"அப்ப அந்த ஆறாவது கப்பை என்னக்கா பண்ணுவீங்க?" என்று கேன்டீன் அக்காவிடம் ஒருநாள் சும்மா பேச்சுக்குக் கேட்டோம்.

"என்ன பண்ணுவேன்? மத்த கப்போட சேர்த்துக் கழுவி வைப்பேன்" என்றார் அக்கா, கையைத் துடைத்துக்கொண்டே. "அதுவும் காலியாத்தானே வருது."